எளியோர் கனவுருப்புனைவு

எளியோர் கனவுருப்புனைவு என்பது கற்பனையாகப் படைக்கப்பட்ட ஓர் உலகில் வாழும் சாதாரண மனிதரின் அன்றாடப் பாட்டைச் சொல்லும் கதை வகையாகும். கதையின் நடுவில் அரசரோ போர்வீரரோ மந்திரவாதியோ இருப்பதில்லை. கூலிக்காரர், ஆடு மேய்ப்பவர், காவற்காரர், விதவை, கடனாளி போன்றோரே இருப்பர். ஆபத்தும் அவர்கள் அளவிலேயே இருக்கும். ஒரு பேரரசு கவிழ்வதைவிட ஒரு வீட்டில் உலை கொதிக்குமா என்பதே இங்கே பெரிய கேள்வி. வறுமை, நோய், அதிகாரிகளின் கெடுபிடி, சேறு, பசி ஆகியவை மழுப்பாமல் சொல்லப்படும். மாயமும் உண்டு, ஆனால் அதற்கும் யாராவது விலை கொடுத்தாக வேண்டும்.

தமிழில் இவ்வகைக்கு நிலைத்த பெயர் இன்னும் அமையவில்லை. வசதி கருதி இக்கட்டுரை மேற்கண்ட பெயரை ஆள்கிறது. தமிழில் இதற்கு மிக அருகில் வரும் படைப்பு, பெருமாள்முருகன் எழுதி 2016ஆம் ஆண்டு காலச்சுவடு பதிப்பகம் வெளியிட்ட 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' என்னும் நாவலாகும்.

பெயரில் உள்ள குழப்பம்

ஆங்கிலத் திறனாய்வில் 'லோ ஃபேன்டசி' என்றொரு சொல் வழங்குகிறது. அதற்கு இரண்டு பொருள் இருப்பதால் மாணவர்கள் தடுமாறுவதுண்டு. முதற்பொருளின்படி, நாம் வாழும் இதே உலகுக்குள் மாயம் நுழைந்தால் அது 'லோ ஃபேன்டசி'. இரண்டாம் பொருளின்படி, உலகம் கற்பனையாக இருந்தாலும் மாயம் குறைவாகவும் மனிதர் எளியவராகவும் வாழ்க்கை கரடுமுரடாகவும் இருந்தால் அது 'லோ ஃபேன்டசி'. இரண்டும் ஒன்றல்ல.

முதற்பொருளுக்குத் தமிழிலேயே தலைசிறந்த எடுத்துக்காட்டு உள்ளது. புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சிறுகதையில், கடவுள் சென்னைக்கு வந்து பிராட்வே முனையில் கந்தசாமிப் பிள்ளையைச் சந்திக்கிறார். இருவரும் ஹோட்டலுக்குப் போய்க் காப்பி சாப்பிடுகிறார்கள். பிள்ளையோ தாம் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்குக் கடவுளிடமே சந்தா வாங்கப் பார்க்கிறார். உலகம் நம்முடையது, வந்தவர்தான் வேறு. எளியோர் கனவுருப்புனைவு இதைத் திருப்பிப் போடுகிறது. உலகம் வேறு, அதில் இருப்பவர்கள் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

'கிரிம்டார்க்' என்னும் மற்றொரு சொல்லும் அடிக்கடி காணப்படுகிறது. 'வார்ஹேமர் 40,000' என்னும் விளையாட்டின் விளம்பர வாசகத்திலிருந்து பிறந்த சொல் அது. கொடூரமும் நம்பிக்கையின்மையும் மிகுந்த கதைகளை அது குறிக்கும். எளியோர் கதைகள் எல்லாம் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. இரத்தம் மிகுதியாகச் சிந்துவதனால் மட்டும் ஒரு கதை வாழ்க்கைக்கு அருகில் வந்துவிடுவதில்லை. அரிசி விலை தெரியாமல் வாள்வீச்சை மட்டும் விரிக்கும் கதைகள் அந்த வரிசையில் நிறையவே உண்டு.

பிறமொழிகளில்

ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதி 1954, 1955 ஆண்டுகளில் வெளிவந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' பெருங்கதை மரபின் அடையாளம். அதில் சாம் என்னும் தோட்டக்காரனுக்கும் முக்கிய இடம் உண்டு. ஆயினும் அவன் தோளில் ஏறுவது உலகம் முழுவதையும் காக்கும் சுமை. ஆகவே நாயகன் எளியவனா என்பதை மட்டும் பார்த்தால் போதாது. கதையில் பணயமாக இருப்பது எது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஃபிரிட்ஸ் லைபர் 1939 முதல் எழுதிய கதைகளில் லாங்க்மார் என்னும் கற்பனை நகரின் இரு திருடர்கள் சுற்றித் திரிகிறார்கள். கிளென் குக் எழுதிய 'தி பிளாக் கம்பெனி' (1984) நாவலில் கதையைச் சொல்பவர் ஒரு கூலிப்படையின் வைத்தியர். பெரிய மந்திரவாதிகளின் சண்டையை, அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போடுகிறவரின் இடத்திலிருந்து அது காட்டுகிறது. குக் அப்போது ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர் என்பதும் குறிக்கத்தக்கது.

டெரி பிராட்செட் நகைச்சுவையாளர். ஆனால் எளியவர் கணக்கை அவரைப்போல் போட்டுக் காட்டியவர் குறைவு. அவருடைய 'மென் அட் ஆர்ம்ஸ்' (1993) நாவலில், ஆங்க்-மார்பார்க் என்னும் கற்பனை நகரின் காவல் தலைவர் வைம்ஸ் காலணியைப் பற்றி யோசிக்கிறார். நல்ல காலணி 50 டாலர், பல்லாண்டு உழைக்கும். மட்டமானது 10 டாலர்; ஓரிரு பருவத்தில் ஓட்டையாகிவிடும். ஏழைக்கு 50 டாலர் சேர்ந்தாற்போல் கையில் இருப்பதேயில்லை. எனவே பத்தாண்டில் அவன் 100 டாலர் செலவழித்தும் ஈரக் காலோடுதான் நடக்கிறான். டிராகன்கள் பறக்கும் உலகில் வரும் இந்தக் கணக்கு, தவணையில் பொருள் வாங்கும் எந்த வீட்டுக்கும் புரியும்.

உர்சுலா லெ குவின் வரலாறு சற்றே வேறானது. எர்த்சீ என்னும் தீவுலகத்தைப் படைத்து, மந்திரவாதியை நாயகனாக வைத்து 1968இல் தொடங்கிய வரிசையில், நான்காவதாக 'தெஹானு' (1990) நாவலை எழுதினார். அதன் நாயகி நடுவயதில் இருக்கும், ஒரு விவசாயியின் விதவை. தீயில் கருக்கப்பட்ட ஒரு சிறுமியை அவள் வளர்க்கிறாள். பழைய மந்திரவாதியோ தன் ஆற்றலை இழந்து ஆடு மேய்க்கிறான். தான் படைத்த உலகத்தையே அடுப்படிப் பக்கமிருந்து இன்னொரு முறை பார்த்த ஆசிரியர் என்ற வகையில் லெ குவின் இங்கே நினைக்கத்தக்கவர்.

தமிழில் வேர்கள்

விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை போன்ற அச்சேறிய பழங்கதைகளில் மாய உலகம் நிறைந்து கிடக்கிறது. எனினும் அவை பெரும்பாலும் அரசகுமாரர்களின் கதைகள். 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா' இதழில் விறகுவெட்டியும் குயவனும் வந்தார்கள். ஆனால் கதை முடிவதற்குள் அவர்களுக்குப் பொற்காசு கிடைத்துவிடும். ஏழ்மை அங்கே ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே.

வாய்மொழிக் கதைகளின் நிலை வேறு. ஏ. கே. ராமானுஜன் தம் 'ஃபோக்டேல்ஸ் ஃப்ரம் இந்தியா' (1991) தொகுப்பில் சேர்த்துள்ள ஒரு தமிழ்க் கதையில், மகன்களும் மருமகள்களும் படுத்தும் பாட்டை யாரிடமும் சொல்ல முடியாத ஒரு கிழவி, பாழடைந்த வீடொன்றின் சுவர்களிடம் அதைச் சொல்கிறாள். ஒவ்வொரு குறையையும் கேட்டு ஒவ்வொரு சுவராக இடிந்து விழுகிறது. கடைசியில் அவள் மனம் இலேசாகிறது. வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள். மகன்கள் திருந்தினார்களா என்று கதை சொல்வதில்லை. புதையலும் கிடைக்கவில்லை. சுவருக்குக் காது உண்டு என்ற ஒரே ஒரு மாயம், கிழவி தாங்கிய பாரம் எவ்வளவு என்பதை எடை போட்டுக் காட்டுகிறது. எளியோர் கனவுருப்புனைவின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

நவீனத் தமிழில் கற்பனை நகரை விரிவாகப் படைத்த நாவல் ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997). அது காவிய அளவில் எழுப்பப்பட்டது, கோபுரம் போன்றது. பூனாச்சி கொட்டில் போன்றது.

பூனாச்சி

இந்நாவல் எழுந்த சூழலை அறியாமல் அதன் கற்பனை உலகத்தை விளங்கிக்கொள்ள இயலாது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தது. 2014ஆம் ஆண்டின் இறுதியில் திருச்செங்கோட்டில் அதற்கு எதிர்ப்பு வலுத்தது. 2015 ஜனவரியில் நாமக்கல் மாவட்ட நிர்வாகம் கூட்டிய பேச்சுவார்த்தைக்குப் பின், எழுத்தாளர் பெருமாள்முருகன் இறந்துவிட்டதாக அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பின்னர் 'கோழையின் பாடல்கள்' கவிதைத் தொகுப்பு வந்தது. அதே ஆண்டில் பூனாச்சியும் வந்தது.

நாவலின் முன்னுரையில் ஆசிரியர் தம் தேர்வுக்குக் காரணம் சொல்கிறார். மனிதரைப் பற்றி எழுத அச்சம்; தெய்வங்களைப் பற்றி எழுத அதைவிட அச்சம்; அசுரரைப் பற்றி வேண்டுமானால் எழுதலாம். விலங்குகளிலும் மாடு, பன்றி ஆகியவை எழுதக் கூடாதவை; நாயும் பூனையும் கவிதைக்கு உரியவை. எஞ்சுபவை ஆடுகள். அவற்றிலும் வெள்ளாடு துடிப்பானது, வம்பில்லாதது. இது சிரிக்க வைக்கும் பட்டியல்தான். ஆனால் ஓர் ஆசிரியர் எழுதத் தகாதவற்றை ஒவ்வொன்றாகக் கழித்து, மிச்சம் இருந்த இடத்தில் ஓர் உலகத்தை உண்டாக்கினார் என்பதற்கு அதுவே சான்று. கற்பனை உலகம் நிஜத்திலிருந்து தப்பிக்கும் வழி என்பது பொதுவான எண்ணம். இங்கே நிஜத்தைப் பேசுவதற்கு மீதமிருந்த ஒரே வழியாக அது அமைந்தது.

கதை எளிமையானது. பெயர் சொல்லப்படாத ஓர் அசுர நிலத்தில், மேட்டில் அமர்ந்து பொழுது சாய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கிழவனிடம், நெடிய உருவம் கொண்ட ஒருவன் பிறந்து சில நாளே ஆன கறுப்புப் பெட்டைக்குட்டியைக் கொடுத்துச் செல்கிறான். அது ஓர் ஈற்றில் ஏழு குட்டி போடும் என்பது அவன் வாக்கு. கிழவி அதற்குப் பூனாச்சி என்று பெயரிட்டு வளர்க்கிறாள். காட்டுப்பூனை அதைக் கவ்வ வருகிறது. தாயில்லாத குட்டிக்குப் பாலூட்டுவதே பெரும் பாடாகிறது. பின்னர் அது வளர்கிறது, பூவன் என்னும் கிடாயிடம் அன்பு கொள்கிறது, அவனை இழக்கிறது, விருப்பமில்லாமல் வேறு கிடாயிடம் விடப்படுகிறது, ஏழு குட்டி ஈனுகிறது. ஊரே திரண்டு வந்து அதிசயம் பார்க்கிறது.

இந்த அதிசயம் நாவலில் கையாளப்படும் முறை ஊன்றிப் படிக்கத்தக்கது. வேறொரு கதையில் ஏழு குட்டி என்பது வரம். இங்கே அது முதலில் ஒரு கணக்கு. வெள்ளாட்டுக்கு இரண்டே காம்பு. ஏழு வாய்க்குப் பால் எங்கே? குட்டிகளை விற்றால் காசு வரும். அந்தக் காசு கிழவனுக்கும் கிழவிக்கும் வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிரிவதைத் தாய் ஆடு பார்த்துக்கொண்டு நிற்கிறது. மீண்டும் ஏழு. இடையில் மழை பொய்த்துப் பஞ்சம் வருகிறது. அப்போது அந்த வரமே ஆட்டின் உடம்பைத் தின்கிறது. முடிவில் பூனாச்சி கல்லாகிறாள், வழிபாட்டுக்குரிய உருவமாகிறாள்.

கற்பனை நாட்டின் அரசும் இந்த அளவிலேயே காட்டப்படுகிறது. அரண்மனை இல்லை, மன்னன் முகம் தெரிவதில்லை. தெரிவது ஒரு வரிசை. ஆடு வளர்ப்பவர் ஒவ்வொரு குட்டிக்கும் காது குத்திப் பதிவு செய்ய வேண்டும். கிழவி வெயிலில் நின்று, குட்டி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் தேடுகிறாள். கறுப்பு ஆடு என்றால் அதிகாரிகளுக்குக் கூடுதல் சந்தேகம், இருட்டில் தெரியாதல்லவா? வரிசையில் நிற்போர் அரசைப் பற்றி முணுமுணுக்கிறார்கள், உடனே சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்கிறார்கள். ஆதார் அட்டைக்கோ பட்டா மாறுதலுக்கோ ஒரு நாள் காத்திருந்த எவருக்கும் இந்தப் பகுதி அந்நியமாக இராது.

கூளமாதாரியோடு ஒப்பீடு

பெருமாள்முருகனுக்கு ஆடு புதிதல்ல. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய 'கூளமாதாரி', கவுண்டர் பண்ணையில் ஆள்காரனாக விடப்பட்டு ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவனின் கதை. கொங்கு நாட்டு மேட்டுக்காடு, பனைமரங்கள், பட்டி எல்லாம் அதில் பெயரோடும் இடத்தோடும் வருகின்றன. சாதியும் பெயரோடு வருகிறது.

இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படிப்போர் ஒன்றைக் கவனிக்கலாம். மேய்ச்சல், பட்டி, கிடாய், ஈற்று பற்றிய அறிவு இரண்டிலும் ஒன்றே. மாறியிருப்பது பெயர்கள்தாம். முதல் நாவலில் சாதியாக இருந்தது, பின்னதில் நிறமாகவும் பதிவாகவும் உருமாறி வருகிறது. இது இழப்பா, ஆதாயமா? இரண்டும்தான். கூளமாதாரியில் யார் யாரைக் கட்டி வைத்து அடித்தார்கள் என்பதில் ஐயமில்லை. பூனாச்சியில் அந்தக் கூர்மை குறைந்துவிட்டது. மறுபுறம், எந்த ஊர்க்காரரும் 'இது எங்களைப் பற்றியதல்ல' என்று விலகிவிட முடியாத விரிவு அதற்குக் கிடைத்திருக்கிறது.

உருவகமா, கதையா

பூனாச்சியை அரசியல் உருவகமாக மட்டும் படிப்போர் பலர். ஆடு என்றால் குடிமகன், காது குத்துதல் என்றால் கண்காணிப்பு என்று ஒன்றுக்கு ஒன்று பொருத்திவிட்டால் நாவல் தீர்ந்துவிட்டதாக எண்ணுவது அவசரமான வாசிப்பு. அப்படிப் படிக்கையில் கிழவியின் கை நழுவிப் போகிறது. ஆட்டுக்குட்டியைப் பேத்தி போல் மடியில் போட்டுக்கொள்ளும் அதே கை, பின்னர் அதன் குட்டிகளை விற்கவும் செய்கிறது. அவள் கொடுமைக்காரி அல்லள். அன்பும் பசியும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. இதை எந்த உருவகச் சட்டத்துக்குள்ளும் அடைக்க முடியாது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர் 'எது எதைக் குறிக்கிறது' என்று அட்டவணை போடுமுன், அந்த வீட்டில் அன்று என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

உலகத்தைக் கட்டும் முறை

பெருங்கதை எழுதுவோர் வரைபடத்திலிருந்தும் அரச மரபிலிருந்தும் தொடங்குவர். எளியோர் கதைக்கு அவை தேவையில்லை. தெரிந்த ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, அதில் ஒரே ஒரு விதியை மாற்றினால் போதும்.

தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய பீர்க்கன்கரணையை எடுத்துக்கொள்வோம். அங்கே ஓர் ஏரி இருக்கிறது. பேரூராட்சியாக இருந்த அவ்வூர் 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. சென்னையின் தென்புறநகரில் ஏரிகளைச் சுற்றிலும் மனைகள் பெருகியதும், 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதும் அனைவரும் அறிந்தவை. இப்போது ஒரே ஒரு மாயத்தைச் சேர்க்கலாம்: பெருமழைக்கு முந்தைய இரவு, ஏரி தன் பழைய கரையைத் தரையில் தானே ஒரு கோடாக வரைந்து காட்டும். பொழுது விடிந்தால் அந்தக் கோடு சிலர் வீட்டுக்கு வெளியேயும் சிலர் சமையலறைக்கு நடுவேயும் ஓடுகிறது.

இதைக் கொண்டு ஏரித் தெய்வத்துக்கும் அசுரனுக்கும் போர் என்று எழுதினால் அது பெருங்கதை. எளியோர் கதை வேறு கேள்விகளைக் கேட்கும். கடன் வாங்கி மனை போட்டவர் அந்தக் கோட்டை என்ன செய்வார்? விடியுமுன் மண் கொட்டி மறைக்க எவ்வளவு கூலி? நில அளவர் கோட்டைப் பார்த்ததாக எழுதுவாரா, பார்க்கவில்லை என்று எழுதுவாரா? வாடகைக்கு இருப்பவரிடம் வீட்டுக்காரர் அதைச் சொல்வாரா? பழைய மதகைத் திறந்து மூடிய குடும்பத்தின் கிழவருக்கு மட்டும் கோடு முன்பே எங்கே இருந்தது என்று தெரியும்; அவரை யார் கேட்பார்கள்? மாயம் ஒரு வரியில் முடிந்துவிட்டது. எஞ்சிய பக்கங்கள் முழுவதும் கிரையப் பத்திரம், தவணை, அண்டை வீட்டார் பேச்சு.

மாயத்தைப் பற்றி எவ்வளவு குறைவாக விளக்குகிறார்களோ அவ்வளவுக்கு இவ்வகைக் கதை உறுதிப்படுகிறது. பூனாச்சியில் அந்த நெடிய மனிதன் யார், ஏன் கொடுத்தான் என்பதற்கு நீண்ட விளக்கம் கிடையாது. காட்டுப்பூனை எந்த நேரத்தில் வரும், குட்டிக்கு எந்தத் தழை ஆகும் என்பவற்றில்தான் நாவல் நேரம் செலவிடுகிறது.

மொழிபெயர்ப்பும் வரவேற்பும்

என். கல்யாணராமன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பூனாச்சி 2018இல் வெளிவந்து, அவ்வாண்டு ஜே.சி.பி. இலக்கியப் பரிசின் குறும்பட்டியலில் இடம்பெற்றது. அமெரிக்கப் பதிப்பு 'தி ஸ்டோரி ஆஃப் எ கோட்' என்ற பெயரில் வந்து, 2020ஆம் ஆண்டு அமெரிக்க தேசிய நூல் விருதின் மொழிபெயர்ப்புப் பிரிவில் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. ஓடக்கான், கொட்டில், பட்டி, கொடாப்பு போன்ற சொற்களைக் கேட்டே வளர்ந்தவர்களுக்குத் தமிழ் மூலத்தில் கிடைக்கும் நெருக்கம் வேறு. நாவலின் உலகம் கற்பனையானது. அதன் ஆட்டுப்புழுக்கை நாற்றம் கொங்கு நாட்டுடையது.